‘ஆறு மாதம் போய் நிமிர்த்திவிடுங்கோ’ என்கிறார்கள், போகலாமா?

வாசகி ஒருவர் எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 61. வங்கியில் 31 வருடம் வேலை செய்து, முகாமையாளராக ஓய்வுபெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். யாழ்ப்பாண நகரத்தில் தனியாக இருக்கிறார். அவர் அங்கத்தவராக இருக்கும் தொண்டு நிறுவனத்துக்கு நகரத்தில் ஒரு தலைமைச் சபையும் மாவட்டத்தில் ஆறு கிளைகளும் உண்டு. அதில் வடமராட்சிக் கிளை படுத்துவிட்டது. முன்பள்ளி ஒன்று, முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்று, ஒரு வான், 13 ஊழியர்கள். மூன்று வருடமாக ஆண்டுப் பொதுக்கூட்டம் கூடவில்லை. பொருளாளர் கணக்கை ஒப்படைக்காமலே வெளிநாடு போய்விட்டார். சம்பளம் இரண்டு மாத நிலுவை. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் கழித்த காசு 14 மாதமாகக் கட்டப்படவில்லை. லண்டனிலிருந்து மாதாமாதம் வந்த உதவியும் நின்றுவிட்டது. கிளைத் தலைவர் 78 வயதான ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கிளையைத் தொடங்கியவரும் அவர்தான். நிர்வாகசபை இரண்டாகப் பிரிந்து, ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரோடு கதைப்பதில்லை.

பொங்கல் முடிந்த கையோடு தலைமைச் சபைத் தலைவர் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். “அக்கா, நீங்கள் ஒரு ஆறு மாதம் போய் நிமிர்த்திவிடுங்கோ. பிறகு நீங்களே அங்க தலைவரா இருக்கலாம்” என்றாராம். இவரும் திட்டம் போட்டுவிட்டார். முதல் நாளே அலுவலகப் பூட்டை மாற்றுவது; வானை விற்றுச் சம்பளம் கொடுப்பது; எட்டு இலட்சம் ரூபாவைப் பொருளாளர் எடுத்துவிட்டார் என்று பொலிசில் முறையிடுவது; தனக்கென்று ஒரு சதமும் வாங்காமல் சேவையாகச் செய்வது. “இடைக்கால நிர்வாகம் நியமிக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறதாமே, தலைமைச் சபையின் கடிதம் போதும்தானே? பழைய கடனுக்கு நான் பொறுப்பாவேனா? வெளியாள் என்று இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நவம்பரில் ரொறன்ரோவில் மகளுக்குப் பிரசவம், அதற்கு நான் போகவேண்டும். அதற்குள் முடியுமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

போகலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற திட்டத்தோடு போகக்கூடாது. அந்தத் திட்டம் கடன் வாங்கிக் கட்டாமல் விட்ட ஒரு கடைக்குள் வங்கிக்காரர் நுழைகிற மாதிரி இருக்கிறது. நீங்கள் போகப்போவது ஒரு சங்கத்துக்குள். அங்கே சொத்து அங்கத்தவருடையது. கோபமும் அவர்களுடையதுதான்.

தளர்ந்துபோன தொண்டு அமைப்புக்கு அனுபவசாலி ஒருவரைச் சில மாதங்களுக்கு மட்டும் பொறுப்பாக அனுப்புவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் தேவாலயங்கள் 1970களிலிருந்தே, ஒரு போதகர் போய் அடுத்தவர் வருவதற்கு இடைப்பட்ட காலத்துக்கென்று தனியாகப் பயிற்சி பெற்றவர்களை வைத்துக்கொள்கின்றன. அங்குள்ள தொண்டு நிறுவனங்களிலும் அது பரவியிருக்கிறது. அந்த ஏற்பாட்டில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: இடைக்காலத்துக்கு வருகிறவர் நிரந்தரப் பதவிக்குப் போட்டியிடக்கூடாது.

எங்களுக்கு ‘இடைக்காலம்’ என்ற சொல்லே சந்தேகத்துக்குரியதாகிவிட்டது. பள்ளிக்கூடங்களில் ‘பதில் அதிபர்’ எத்தனை வருடம் பதிலாகவே இருக்கிறார் என்று பெற்றோரைக் கேட்டால் தெரியும். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர் நிர்வாகம்தான். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகள் கலைந்த பிறகு, 2025 மே மாதத் தேர்தல் வரைக்கும் மாநகர சபையிலிருந்து பிரதேச சபை வரை அதிகாரிகள்தான் நடத்தினார்கள். ஆகவே “ஆறு மாதம்தான்” என்று நீங்கள் சொன்னால் வடமராட்சியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர்களில் பிழையில்லை. “பிறகு நீங்களே தலைவராக இருக்கலாம்” என்று தலைமைச் சபைத் தலைவர் சொன்னாரே, அந்த ஒரு வசனம் ஊருக்குள் போனால் உங்கள் வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். அடுத்த நிர்வாகசபைத் தேர்தலில் எந்தப் பதவிக்கும் நிற்கமாட்டேன் என்று நியமனத்துக்கு முன்னரே எழுத்தில் கொடுங்கள். இரண்டு பக்கமும் உங்களோடு கதைக்க வருவதென்றால் அதற்குப் பிறகுதான் வரும்.

மகளின் பிரசவம் இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வசதியாகப் படுகிறது. நவம்பரில் ரொறன்ரோ போகிற ஒருவர் கதிரையைப் பிடிக்க வந்தவர் என்று சொல்வது கடினம். ஆறு மாதம் போதாது; பெப்ரவரி தொடக்கம் ஒக்டோபர் கடைசி வரை ஒன்பது மாதம் கேளுங்கள். மூன்றாம் மாத முடிவில் தொடர்வதா, நிறுத்துவதா என்று இரு தரப்பும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றும் எழுதுவியுங்கள்.

நியமனக் கடிதம் போதுமா?

போதாமல் போக இடமுண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட சட்டம் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டமாக இருக்கவேண்டும். 1998 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கத் திருத்தம் அதில் இடைக்கால முகாமைத்துவச் சபை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் அந்தச் சபையை நியமிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு. அதுவும் மோசடி அல்லது நிதிக் கையாடல் பற்றிய குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்து, பழைய நிர்வாகமே தொடர்ந்தால் பொதுநலன் பாதிக்கப்படும் என்ற நிலைமையில். ஒரு தலைமைச் சபை தன் கிளைக்கு ஆள் அனுப்புவதற்கும் அந்தச் சட்டப் பிரிவுக்கும் தொடர்பில்லை. அதைக் காட்டி ஊருக்குள் போனால், “அப்ப எங்களைக் கள்ளர் எண்டு சொல்லியே வந்திருக்கிறியள்?” என்றுதான் கேட்பார்கள்.

உங்களுக்கு அதிகாரம் தரவேண்டியது யாப்பு, அதாவது சங்கத்தின் எழுத்து விதிகள். இரண்டு நிலைமைகள் இருக்கலாம். தலைமைச் சபை மட்டும் பதிவுசெய்யப்பட்டு, கிளைகள் அதன் அங்கங்களாக இயங்குகின்றன என்றால், கிளை நிர்வாகத்தை இடைநிறுத்தவோ பொறுப்பாளரை நியமிக்கவோ தலைமைச் சபைக்கு யாப்பில் அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால், அதற்குச் சொல்லப்பட்ட அறிவித்தல் நாட்களைக் கூட்டிக் குறைக்காமல் பின்பற்றவேண்டும். கிளை தனியாகப் பிரதேச செயலகத்தில் பதிவாகி, தனக்கென்று யாப்பும் வங்கிக் கணக்கும் வைத்திருந்தால், தலைமைச் சபையின் கடிதம் ஒரு சிபார்சு மட்டுமே. அப்போது கிளை அங்கத்தவரின் விசேட பொதுக்கூட்டம் கூடி, இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை, இன்ன அதிகாரங்களோடு உங்களை ஏற்கிறோம் என்று தீர்மானம் எடுக்கவேண்டும். முதல் வகையாக இருந்தாலும் அந்தக் கூட்டத்தைக் கூட்டுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. வங்கியில் கையொப்பம் மாற்றப் போனாலும் கூட்டக் குறிப்பின் உறுதிப்படுத்திய பிரதியைத்தான் கேட்பார்கள். 31 வருடம் மற்றவர்களிடம் அதைக் கேட்டவர் நீங்கள்தான்.

முதலில் அதிபர் ஐயா வீட்டுக்கு

கூட்டத்துக்கு முன்னர் நீங்கள் செய்யவேண்டிய முக்கியமான வேலை இது. அதற்குச் சட்டத்தரணி தேவையில்லை.

உங்கள் கடிதத்தில் அந்தப் பெரியவரை “எல்லாத்துக்கும் காரணம் அவர்தான்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கிளையைத் தொடங்கியவர், 78 வயது வரை விட்டுப் போகாமல் இருந்தவர். வரவுசெலவுப் புத்தகம் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கலாம், பொருளாளரை அளவுக்கு மீறி நம்பியிருக்கலாம். ஆனால் முன்பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். அவருக்கு ஒரு கடிதம் மூலம் “தங்கள் பதவி இடைநிறுத்தப்படுகிறது” என்று போய்ச் சேர்ந்தால், அந்தத் தாய்மார் உங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார்கள்.

தலைமைச் சபையிலிருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தனியாக, ஒரு பின்னேரம், வீட்டுக்குப் போங்கள். கோப்பு எதுவும் கையில் வேண்டாம். கிளை எப்படித் தொடங்கியது என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்க இரண்டு மணித்தியாலம் ஆகும், ஆகட்டும். யார் யாரோடு ஏன் கோபம், எந்தக் காணியை யார் எந்த வாய்வார்த்தையில் கொடுத்தார், லண்டன்காரர் ஏன் உண்மையில் காசை நிறுத்தினார் என்பதெல்லாம் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் வரும். வேறு எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது. கடைசியில் ஒன்று கேளுங்கள்: விசேட பொதுக்கூட்டத்தில் உங்களை நியமிக்கும் பிரேரணையை அவரே முன்மொழிவாரா? அவர் முன்மொழிந்து, அவரோடு கோபமாக இருக்கிற பக்கத்தில் ஒருவர் வழிமொழிந்தால், ‘வெளியாள்’ என்ற கதை அந்த மண்டபத்திலேயே நின்றுவிடும். யாப்பில் போசகர் என்ற கௌரவப் பதவி இருந்தால் அவருக்கு அதைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் முதல் சந்திப்பிலேயே அதை நீட்டாதீர்கள், பேரம் பேச வந்ததுபோல் ஆகிவிடும்.

அவர் மறுத்தால்? அப்போதும் கூட்டம் கூடலாம். ஆனால் தனி ஆளாகப் போகாமல், இரு பக்கத்திலும் ஒவ்வொருவரும் நீங்களுமாக மூன்று பேர் கொண்ட இடைக்காலக் குழுவாகப் போவது நல்லது. வேலை மெதுவாக நடக்கும், ஒவ்வொரு காசோலைக்கும் வாக்குவாதம் வரும். ஆனாலும் நீங்கள் தனியாக அடிபடமாட்டீர்கள். அங்கத்தவர் பெரும்பான்மையே உங்களை வேண்டாம் என்றால் போகாதீர்கள். கணக்கை மட்டும் சீர்செய்து தரும் ஆலோசகராக வருகிறேன் என்று தலைமைச் சபைக்கு எழுதுங்கள்.

பழைய கடனும் உங்கள் கையெழுத்தும்

நீங்கள் வருவதற்கு முன் வந்த கடன் சங்கத்தின் கடன், உங்களுடையது அல்ல. ஆனால் பழையது எது, புதியது எது என்று கோடு கீறி வைக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு வெறும் கதைதான். எனக்குத் தெரிந்த ஒரு ஊர்ச் சங்கத்தில் சாவி கைமாறிய அன்று எவரும் பட்டியல் எழுதவில்லை. இரண்டு வருடம் கழித்து மூன்று தையல் மெசின்கள் எங்கே என்று கேள்வி வந்தது. அந்த மெசின்களைக் கண்ணாலும் கண்டிராத புதிய செயலாளர்தான் பதில் சொல்லவேண்டி வந்தது.

ஆகவே பூட்டை மாற்றவேண்டாம். ஒப்படைப்புப் பட்டியல் எழுதுங்கள். காசோலைப் புத்தகங்கள், கையிருப்புக் காசு, பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், காணி உறுதி, வானின் பதிவுப் புத்தகம், கூட்டக் குறிப்புப் புத்தகம், அங்கத்தவர் பதிவேடு, தளபாடம், சமையலறைச் சாமான் வரைக்கும். இல்லாததையும் ‘காணப்படவில்லை’ என்று எழுதுங்கள். கொடுப்பவர், வாங்குபவர், சாட்சி என்று மூவரும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒப்பமிடவேண்டும். அதே திகதியில் வங்கிக் கூற்றை எடுத்து அதோடு இணைத்துவிடுங்கள். பட்டியல் முடியும்வரை ஒரு காசோலையிலும் கையெழுத்து வைக்காதீர்கள், அது ஒரு நாளோ பத்து நாளோ. வானை விற்பது இப்போதைக்கு வேண்டாம். அது அங்கத்தவர் தீர்மானம் இல்லாமல் விற்கக்கூடிய பொருள் அல்ல. யாராவது நன்கொடையாகக் கொடுத்ததென்றால் கொடுத்தவர் என்ன நிபந்தனை வைத்தார் என்றும் பார்க்கவேண்டும்.

கடன்களில் என்னைப் பயமுறுத்துவது ஊழியர் சேமலாப நிதிதான். சம்பள நிலுவையைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு இதை அரைவரியில் சொல்லியிருக்கிறீர்கள். கணக்குப் பார்ப்போம். ஒருவருக்குச் சராசரி 30,000 ரூபா சம்பளம் என்று வைத்தால், தொழில்தருநர் 12 வீதம், ஊழியர் 8 வீதம், மொத்தம் 6,000 ரூபா. 13 பேருக்கு மாதம் 78,000. 14 மாதத்துக்கு 1,092,000 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 வீதமும் கட்டவில்லை என்றால் இன்னும் 163,800. இதற்கு மேல் பிந்திய கட்டணத்துக்கு மிகைவரி இருக்கிறது. தாமதம் கூடக் கூட அது ஏறி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 வீதத்தில் வந்து நிற்கும். இதில் அந்த 8 வீதம் ஊழியரின் சொந்தக் காசு. பராமரிப்பு நிலையத்தில் சமைக்கிற அம்மாவின் சம்பளத்திலிருந்து கழித்துவிட்டுக் கட்டாமல் விட்டதை எந்த அதிகாரியும் இலேசாக எடுக்கமாட்டார். நீங்கள் பொறுப்பேற்ற பிறகும் ஒரு மாதம் தவறினால், “எனக்குத் தெரியாது” என்று நீங்களும் சொல்லமுடியாது.

அதனால் பொறுப்பேற்ற முதல் கிழமையிலேயே, முறைப்பாடு வரும்வரை காத்திராமல், நீங்களாகவே தொழில் அலுவலகத்துக்குப் போய் நிலுவைப் பட்டியலைக் காட்டித் தவணை கேளுங்கள். நடப்பு மாதக் கட்டணத்தை ஒரு நாளும் பிந்தவிடாதீர்கள். ஊழியர்களைக் கூட்டி அதே கணக்கை அவர்களுக்கும் சொல்லுங்கள். எவ்வளவு நிலுவை என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. லண்டனுக்கும் அதைத்தான் அனுப்பவேண்டும். இவ்வளவு கடன், இவ்வளவு நிலுவை, இந்த மாதத்திலிருந்து இதைக் கட்டுகிறோம் என்று ஒரு பக்கம். இரங்கிக் கேட்கும் கடிதங்கள் அவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு போயிருக்கும்.

பொருளாளர் விஷயத்தில் உங்கள் வாயையும் கைத்தொலைபேசியையும் கொஞ்சம் கட்டுங்கள். எட்டு இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டு இல்லை என்பதுதான் உங்களுக்குத் தெரிந்தது. எடுத்தார் என்பது உங்கள் ஊகம். சரியாகவும் இருக்கலாம், வங்கியில் இருந்தவருக்கு மூக்கு சொல்லும். ஆனால் காசாகச் சம்பளம் கொடுத்துவிட்டு ஒப்பம் வாங்காமல் விட்ட பொருளாளர்களையும் நான் கண்டிருக்கிறேன். அங்கத்தவரின் வாட்ஸ்அப் குழுவில் ‘கள்ளன்’ என்று எழுதினால், 2002 இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டாலும், நட்டஈடு கேட்டு உங்கள்மேல் வழக்குப் போட அவருக்கு வழி இருக்கிறது. அவருடைய ஊர் விலாசத்துக்குப் பதிவுத் தபாலிலும், அவருக்கு மின்னஞ்சலிலும், ஆவணங்களையும் விளக்கத்தையும் 21 நாளுக்குள் தரும்படி எழுதுங்கள். வெளியிலிருந்து ஒரு கணக்காய்வாளரைக் கொண்டு அந்தக் காலத்தைப் பார்ப்பியுங்கள். நம்பிக்கை மோசடி என்று முறையிடுவதானால் அது தண்டனைச் சட்டக்கோவையின் 388 ஆம் பிரிவு தொடங்கி வருகிற விஷயம். அந்த முறைப்பாடு சங்கத்தின் தீர்மானத்தோடு சங்கத்தின் பெயரில் போகவேண்டும். உங்கள் பெயரில் போகக்கூடாது.

அங்கத்தவர் பட்டியலை யார் வைத்திருக்கிறார்?

உங்கள் கடிதத்தில் இந்தக் கேள்வியே இல்லை. ஊர்ச் சங்கங்களின் சண்டை முக்கால்வாசி இங்கேதான் கிடக்கிறது. மூன்று வருடமாகப் பொதுக்கூட்டம் கூடவில்லை என்றால் அதற்குச் சோம்பேறித்தனம் மட்டும் காரணமாக இராது. யாருக்கு வாக்கு உண்டு என்பதில் உடன்பாடு இல்லாமல் இருந்திருக்கும். பட்டியலில் செத்துப்போனவர்கள் இருப்பார்கள். கனடா போய் இருபது வருடம் ஆனவர்கள் இருப்பார்கள். சந்தா கட்டாதவர்கள் இருப்பார்கள். கூட்டத்துக்கு முதல் நாள் ஒரே கையெழுத்தில் சேர்ந்த முப்பது புதியவர்களும் இருக்கக்கூடும். இதைச் சரிசெய்யாமல் ஒக்டோபரில் தேர்தல் வைத்தால், தோற்ற பக்கம் அடுத்த நாளே நீதிமன்றத்துக்கு வரும். சட்டத்தரணிகளான எங்கள் தொழிலுக்கு நல்லதுதான், உங்களுக்கு இல்லை.

பட்டியலைக் கிளையின் விளம்பரப் பலகையிலும் வாசிகசாலையிலும் ஒட்டுங்கள். சந்தா நிலுவை கட்ட யாப்பு இடம்கொடுக்கும் கடைசித் திகதியை எழுதிப் போடுங்கள். ஆட்சேபனை எழுத்தில் மட்டும் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு ஆட்சேபனைக்கும் காரணத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். புதியவர்களைச் சேர்ப்பதைத் தேர்தல் வரைக்கும் நிறுத்த யாப்பில் இடமிருந்தால் நிறுத்துங்கள். இதற்கு மூன்று மாதம் எடுக்கும். ஒன்பது மாதம் கேளுங்கள் என்று நான் சொன்னது பெரும்பாலும் இதற்காகத்தான். கணக்கை நீங்கள் ஆறு கிழமையில் முடித்துவிடுவீர்கள்.

சம்பளம் வேண்டாம் என்பதைப் பற்றியும் ஒரு சொல். நல்ல மனம்தான். ஆனால் ஒரு சதமும் வாங்காதவரிடம் “இந்த மாதம் ஏன் அறிக்கை வரவில்லை?” என்று கேட்க எவருக்கும் வாய் வராது. ஒன்பது மாதம் நகரத்துக்கும் வடமராட்சிக்கும் சொந்தக் காசில் ஓடினால் நாலாம் மாதம் உங்களுக்கே அலுப்புத் தட்டும். போக்குவரத்துச் செலவும் சிறு படியும் வாங்குங்கள். அதைத் தலைமைச் சபை தரட்டும். லண்டன்காரர் நேரடியாகத் தருவதாக இருந்தால் மறுத்துவிடுங்கள். ஒருவரின் காசில் வந்து நிற்கிறவர் இரு பக்கத்துக்கும் பொது என்று சொல்லமுடியாது. (கட்டணம் வாங்கித் தொழில் செய்கிறவன் சொல்கிற ஆலோசனை இது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

இப்போது செய்யவேண்டியது இரண்டுதான். நியமனக் கடிதத்தில் ஒப்பமிடுவதற்கு முன் தலைமைச் சபையின் யாப்பையும், கிளைக்குத் தனி யாப்பு இருந்தால் அதையும், இரண்டினதும் பதிவுச் சான்றிதழ்களையும் கேட்டு வாங்குங்கள். பழைய தட்டச்சுப் பிரதி என்றாலும் பரவாயில்லை. திருத்தங்கள் எந்தப் பொதுக்கூட்டத்தில் நிறைவேறின என்ற குறிப்பு இருந்தால் போதும். ‘யாப்பைத் தேடுகிறோம்’ என்று அவர்கள் இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது வேறு விதமாக யோசிக்கவேண்டும். அதிபர் ஐயா வீட்டுக்குப் போக மட்டும் யாப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த ஞாயிறே போகலாம்.